ஆறு பேட்ச், ஒரே இஸ்திரிப் பெட்டி: ஒரு ஜீன்ஸ் கோட்டின் நிகழ்வு ஆய்வு

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி தன் அம்மாவோடு என் கடைக்கு வந்தாள். மதுரையில் ஆல்ட்ரேஷன் வேலை மட்டும் பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. அவள் கொண்டு வந்த பையில் மூன்று உருப்படிகள்: அண்ணன் போட்டுக் கழித்த ஜீன்ஸ் கோட்டு, பனியன் துணியில் தைத்த டி-ஷர்ட், ஒரு மழைக்கோட்டு. இணையத்தில் எம்ப்ராய்டரி பேட்ச் எட்டு அடங்கிய பாக்கெட் ஒன்றை வாங்கி, அதில் ஆறை வீட்டிலேயே இஸ்திரிப் பெட்டியால் ஒட்டியிருந்தாள். ஒரே நாளில், ஒரே பெட்டியால், ஒரே ஆள் ஒட்டியதுதான். ஆனாலும் ஆறும் ஆறு விதமாக முடிந்திருந்தது.

"அக்கா, பசை சரியில்லையா, நான் ஒட்டினது சரியில்லையா?" என்று கேட்டாள். அவள் அம்மாவுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. "இவ எதையும் பொறுமையா செய்ய மாட்டா" என்றார்.

வாரத்துக்கு ஒருவராவது இப்படி விழுந்த பேட்ச்சோடு வருகிறார்கள். பெரும்பாலும் ஒன்றைத்தான் கொண்டு வருவார்கள். அதை வைத்து என்ன தப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தப் பெண்ணிடம் ஆறு இருந்தன, ஒட்டிய விதத்தையும் ஒன்று விடாமல் நினைவில் வைத்திருந்தாள். அதனால்தான் இந்த ஒரு வேலையை மட்டும் நோட்டில் எழுதி வைத்தேன். இது அந்த நோட்டிலிருந்து எடுத்து விரித்து எழுதியது.

வந்த நிலை

கோட்டின் இடது மார்பில் இரண்டங்குலப் பூனை. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. வலது பாக்கெட் மூடியில் ஒரு நட்சத்திரம். பாதி துணியிலும் பாதி மூடியின் தடித்த தையல் மீதுமாக உட்கார்ந்திருந்தது. தையலுக்கு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. முதுகில் எட்டங்குல மயில். நடுவில் பிடித்திருந்தது, ஓரம் முழுக்கக் காற்று. தோகையில் பளபளத்திருக்க வேண்டிய தங்க நிற மெட்டாலிக் நூல் சுருண்டு கறுத்துப் போயிருந்தது. இடது முழங்கையில் கிழிசலை மூடுவதற்காக ஒட்டிய சூரியகாந்தி மூன்றாவது சலவையில் கழன்று, இப்போது தனியாகப் பைக்குள் கிடந்தது. ஒட்டும் முன்பு ஓரங்குலமாக இருந்த கிழிசல், பேட்ச் விழுந்த பிறகு இரண்டங்குலத்துக்கு மேல்.

டி-ஷர்ட்டில் இருந்த மீன் விழவில்லை. அதைச் சுற்றிலும் துணி சுருங்கி, போட்டுக்கொண்டால் மீன் மட்டும் அட்டை மாதிரி முன்னால் துருத்தியது. மழைக்கோட்டின் கதைதான் பாவம். ராக்கெட் பேட்ச்சின் ஒரு பாதி நைலானோடு சேர்ந்து உருகி, கோட்டில் பெட்டியின் மூக்கு வடிவில் ஒரு ஓட்டை.

ஒட்டுகிற பேட்ச் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் மீதியைப் பேசுவது எளிது. கீழே உறுதியான சாய்நெசவுத் துணி, அதன் மேல் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷின் போட்ட நூல் பூ. வட்டம், சதுரம் போன்ற எளிய வடிவங்களுக்கு ஓரம் கயிறு மாதிரித் தடித்து இருக்கும். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஓவர்லாக் மிஷின் செய்துவந்த மெரோ குடும்பத்தின் பெயரால் அதை மெரோ ஓரம் என்பார்கள். பூனைக் காது, மயில் தோகை போன்ற வளைவுகளுக்கு அந்த ஓரம் போட முடியாது. அங்கே நெருக்கமாக நூல் ஓட்டி, வெளியே சூட்டால் வெட்டிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் பசை ஏடு ஒன்று. சூட்டில் உருகி, ஆறினால் இறுகும். மறுபடி சூடு காட்டினால் மறுபடி உருகும். துணியோடு அது ரசாயனமாகக் கலப்பதில்லை. உருகிய நிலையில் இழைகளின் சந்துக்குள் ஓடி, அங்கேயே கெட்டியாகிப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆகவே போதிய சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் வேண்டும். அதன் பிறகு அசையாமல் ஆற வேண்டும்.

பேட்ச்சின் முதுகு

விழுந்த பேட்ச்சின் பின்பக்கத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். யார் எதைக் கொண்டு வந்தாலும் நான் முதலில் திருப்பித்தான் பார்ப்பேன். பசை கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் அது உருகவே இல்லை. துணியின் நெசவு அதில் அச்சாகப் பதிந்திருந்தால், உருகியிருக்கிறது, ஆனால் போதுமான ஆழம் இறங்கவில்லை. துணியின் பஞ்சு பிய்ந்து ஒட்டியிருந்தால் பசை தன் வேலையைச் செய்துவிட்டது, துணிதான் தோற்றது. பேட்ச் மொட்டையாகவும் பசை முழுக்கத் துணியிலும் இருந்தால், பெரும்பாலும் சூடு மிஞ்சிவிட்டது.

சூரியகாந்தியின் முதுகில் இரண்டு விதமும் இருந்தன. வெளிவட்டத்தில் வெள்ளை நூல் பஞ்சு. ஜீன்ஸ் துணியான டெனிமில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை என்பதால் உட்பக்கம் வெளுப்பாக இருக்கும். கிழிசலின் விளிம்பில் பிரிந்து தொங்கிய வெள்ளை ஊடைதான் அது. நடுவில், கிழிசல் இருந்த இடத்தில், பசையில் ஆழமான நெசவு அச்சு. அங்கேதான் துணியே இல்லையே, எந்தத் துணியின் அச்சு? கோட்டின் கையைத் திருப்பிப் பார்த்ததும் புரிந்தது. எதிர்ப்பக்கத்து உள்துணியில் அதே வடிவில் பசைத் தடம். கையைத் தட்டையாக விரித்து, உள்ளே எதுவும் செருகாமல் இஸ்திரி போட்டதில், பசை கிழிசல் வழியாக இறங்கிக் கையின் மறுபக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. போட்டுப் பார்க்கும்போது கை நுழையவில்லை. பலமாக இழுத்துப் பிரித்திருக்கிறாள். கிழிசல் இரட்டிப்பானது அப்போதுதான், அவள் அதைக் கவனிக்கவில்லை. மேலே சூரியகாந்தி மூடியிருந்ததே!

நட்சத்திரத்தின் தூக்கிய பாதி வழவழப்பாக இருந்தது. தடித்த தையல் மேட்டில் பெட்டி ஏறி நின்றதால், அடுத்த பக்கத்துப் பள்ளத்தில் இரும்பு படவே இல்லை. மயில் பெட்டியை விடப் பெரியது. அவள் சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி முன்னும் பின்னும் தேய்த்திருக்கிறாள். நடுவில் பெட்டி அதிக நேரம் நின்றது, ஓரங்களைத் தொட்டுவிட்டுப் போனது. தேய்க்கக் கூடாது, ஓரிடத்தில் வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். மேலே மெல்லிய பருத்தித் துணி போடாததால் மெட்டாலிக் நூலும் போனது.

சரி, பூனை மட்டும் ஏன் இப்படிப் பிடித்தது? இது எனக்கு நெடுநேரம் புரியவில்லை. மற்றவற்றுக்குக் கொடுத்த அதே நேரம்தான் கொடுத்தேன் என்றாள். துருவிக் கேட்டபோது வெளிவந்தது: முதலில் ஒட்டியது பூனைதான். சரியாக வருமோ என்ற பயத்தில் இரண்டு தடவை சூடு வைத்திருக்கிறாள். இரண்டாவது தடவை பெட்டியை எடுத்த நேரம் அம்மா சாப்பிடக் கூப்பிட, கோட்டை அப்படியே மேசையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அரை மணி நேரம் யாரும் தொடவில்லை, நன்றாக ஆறியது. மீதி ஐந்தையும் சூட்டோடு சூடாக ஓரத்தைத் தூக்கித் தூக்கி, ஒட்டியதா என்று பார்த்திருக்கிறாள். இளகிய பசையை ஒருமுறை இழுத்துவிட்டால் அது நூல் நூலாக வந்துவிடும்; மறுபடி அமுக்கினாலும் பழைய பிடிப்பு வராது. பொறுமை இல்லாதவள் என்று அம்மா சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அந்தப் பாக்கெட்டில் ஆற விடும்படி ஒரு வரியும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் வாங்கிப் பார்த்தேன். படம் மட்டும்தான் இருந்தது.

வெட்டிப் பார்த்த இதயம்

பாக்கெட்டில் ஒட்டாத பேட்ச் இரண்டு மீதம் இருந்தன. அதில் இதய வடிவத்தை எனக்குத் தரச் சொன்னேன், வெட்டிப் பார்ப்பதற்காக. அவள் முகம் வாடியது, ஆனாலும் கொடுத்தாள். நான்கு துண்டாக்கி, பழைய ஜீன்ஸ் காலில் கடையின் பெட்டியால் ஒட்டினேன். மேசையில் எப்போதும் போட்டிருக்கும் போர்வையை எடுத்துவிட்டு மரப்பலகை வைத்தேன். மெத்தென்ற விரிப்பு அழுத்தத்தைக் குடித்துவிடும். வீட்டில் கட்டில் மெத்தை மேல் வைத்து ஒட்டுகிறவர்களுக்குப் பாதிப் பிரச்சினை அதுதான். நீராவித் துளை உள்ள பெட்டியானால் நீராவியை நிறுத்த வேண்டும். ஈரம் ஆவியாகப் போகும்போது பசைக்குச் சேர வேண்டிய சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும்.

பத்து நொடி வைத்த துண்டு, ஆறிய பிறகு நகத்துக்கே வந்துவிட்டது. இருபது நொடித் துண்டின் மூலைகள் வந்தன. முப்பது நொடி நன்றாகப் பிடித்தது. முப்பது நொடி வைத்து, துணியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து இன்னொரு முப்பது நொடி வைத்த நான்காவது துண்டை இழுத்தபோது எம்ப்ராய்டரி நூல் பிய்ந்ததே தவிர பசை விடவில்லை. முன்பக்கத்திலிருந்து போகும் சூடு தடித்த எம்ப்ராய்டரியைத் தாண்டித்தான் பசைக்கு வர வேண்டும். பின்பக்கத்திலிருந்து ஒற்றைத் துணியைத் தாண்டினால் போதும். இதை நான் அதுவரை யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை; அன்றிலிருந்து முதலில் சொல்வது இதைத்தான். இந்த நொடிக் கணக்கு என் பெட்டிக்கும் அந்தப் பேட்ச்சுக்கும் உரியது. உங்கள் வீட்டில் ஒரு கந்தல் துணியில் போட்டுப் பார்த்துத்தான் நீங்கள் கணக்கு வைக்க வேண்டும்.

எங்கள் தெரு முனை இஸ்திரி வண்டியில் கொடுத்து ஒட்டலாமா என்று அவள் அம்மா கேட்டார். கரிப்பெட்டியின் கனம் இந்த வேலைக்கு நல்லது, அழுத்தம் தானாகவே கிடைக்கும். ஆனால் சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது. பருத்தியில் பழகிய கைக்காரர் என்றால் டெனிமுக்கு நம்பிக் கொடுக்கலாம். மழைக்கோட்டை மட்டும் கொடுக்கவே கூடாது.

முழங்கை

அடிப்படையான தப்பு சூட்டிலோ நேரத்திலோ இல்லை. கிழிசலைத் தைக்காமல் அதன் மேல் பேட்ச்சை ஒட்டினாள். பசையின் வேலை பேட்ச்சை நகராமல் பிடித்து வைப்பது. கிழிசலைத் தாங்குவது நூலின் வேலை. முழங்கை மடங்கும்போதெல்லாம் துணி இழுபடுகிறது, விறைத்த பேட்ச் கூடவே மடங்க மறுக்கிறது, அந்த இழுப்பு முழுவதும் பேட்ச்சின் ஓரத்தில் விழுகிறது. எவ்வளவு நல்ல பசையானாலும் தினமும் நூறு தடவை ஓரத்திலிருந்து உரித்தால் உரியத்தான் செய்யும்.

முதலில் கையின் உள்ளே எதிர்ப்பக்கம் இருந்த பசையை எடுத்தேன். அதன் மேல் வேண்டாத பருத்தித் துண்டை வைத்துச் சூடு காட்டி, சூட்டோடு உரித்தால் பசையில் ஒரு பகுதி அந்தத் துண்டுக்கு வந்துவிடும். நாலைந்து தடவை புதுத் துண்டு மாற்றி மாற்றி எடுத்தும் லேசான தடம் நின்றது. அது உள்பக்கம், போகட்டும்.

அப்புறம் கிழிசலின் தொங்கும் நூல்களை மட்டும் கத்தரித்தேன். வட்டமாக அழகாக வெட்டிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு, அது நல்ல துணியையும் சேர்த்து வீணாக்குவது. பழைய ஜீன்ஸிலிருந்து, கிழிசலை விடச் சுற்றிலும் ஓரங்குலம் பெரிதாக ஒரு துண்டு எடுத்தேன். கோட்டின் நீள நூலும் துண்டின் நீள நூலும் ஒரே திசையில் வரும்படி உள்ளே வைத்துக் குண்டூசி குத்தினேன். கிராஸாக வைத்தால் ஒன்று இழுபடும், மற்றது இழுபடாது. ஒரு மாதத்தில் பை விழும். கை குறுகலாக இருந்ததால் மிஷினுக்குள் நுழையவில்லை. கைத் தையலைப் பிரித்துவிட்டு மிஷினில் ஓட்டலாம்தான். ஆனால் ஜீன்ஸ் கோட்டின் மடித்து இரட்டைத் தையல் போட்ட இணைப்பைப் பிரித்து, பழையபடி அந்த உருவம் வரும்படி மறுபடி தைப்பது கிழிசலை விடப் பெரிய வேலை. ஊசி நூலால் கையிலேயே, நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டிக் கிழிசலை உள்துண்டோடு சேர்த்தேன். முக்கால் மணி நேரம் ஆனது.

அதன் பிறகுதான் சூரியகாந்தி. அதைக் கோட்டை மேசையில் விரித்து வைத்து இடம் பார்க்கவில்லை. அவளைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, வண்டி ஓட்டுவது மாதிரி கையை மடக்கச் சொல்லி, எலும்பு முட்டும் இடத்தைச் சாக்கில் குறித்தேன். வீட்டில் அவள் குறித்த இடத்துக்கும் இதற்கும் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். நல்லவேளை, பேட்ச் பெரியது. இரண்டு இடத்தையும் மூடியது. பழைய பசை போதாது என்பதால் அதன் பின்னால் இருபுறமும் ஒட்டும் பசை ஏடு ஒன்றை வெட்டி வைத்து, கைக்குள் பலகைத் துண்டைச் செருகி, முன்னும் பின்னும் சூடு கொடுத்து, ஒரு இரவு அப்படியே விட்டேன்.

மறுநாள் காலை பேட்ச்சைச் சுற்றித் தைத்தேன். தடித்த ஓரத்துக்கும் உள்ளிருக்கும் பூவுக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம் ஓடும். ஓரத்தின் நிறத்திலேயே நூல் எடுத்து அந்தப் பள்ளத்தில் ஊசியை இறக்கினால் தையல் கண்ணுக்கே தெரியாது. பசை ஊடாகப் போகும்போது ஊசி பிசுபிசுக்கும். மிஷினாக இருந்தால் தையல் விட்டு விட்டு விழுவது இதனால்தான். அவ்வப்போது ஊசியைத் துடைக்க வேண்டும், ஜீன்ஸுக்கான 16ஆம் நம்பர் ஊசி போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நைலான் நூல் போடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. முழங்கைக்கு நான் போட மாட்டேன். அதன் முனை உள்ளே தோலைக் கீறும், பின்னால் யாராவது சூடான பெட்டியை வைத்தால் உருகியும் போகும்.

தைக்கிறபோது என் சித்தப்பாவை நினைத்துக்கொண்டேன். மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே புது மண்டபத்தில், தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த காலத்தில் அங்கே மிஷின் போட்டிருந்தவர். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேடம் போடுகிறவர்களுக்கான உடைகளை அவர் தைப்பார். சிவப்பிலும் மஞ்சளிலும் துணியை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஓரம் மடித்துத் தைத்த வேலை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேரில் தொங்கும் தொம்பைகளும் அந்த வகைதான். வெயிலிலும் காற்றிலும் ஆடுகிற அந்தத் துணிப் பூக்களைத் தையல்தான் பிடித்து வைத்திருக்கிறது. மிஷின் எம்ப்ராய்டரி பெருகியது வேறு வழியில்: சுவிட்சர்லாந்தில் ஐசக் க்ரோப்லி 1863இல் உருவாக்கிய ஷிஃப்லி மிஷின் ஒரே நேரத்தில் ஏராளமான பூக்களைப் போட வழி செய்தது. பேட்ச் என்ற பொருள் மலிந்ததற்கு அந்த மாதிரி மிஷின்கள்தான் காரணம். முதுகில் பசை ஏறியது அதற்கும் வெகு பின்னால்.

மற்றவை

நட்சத்திரத்தைச் சூடு காட்டி உரித்து, தையல் மேட்டைத் தவிர்த்து மூடியின் சமதளத்தில் மாற்றி ஒட்டித் தைத்தேன். மயிலின் ஓரங்களுக்குப் பின்பக்கத்திலிருந்து பகுதி பகுதியாகச் சூடு கொடுத்தேன், சுற்றிலும் மிஷின் ஓட்டினேன்; முதுகு தட்டை என்பதால் சிரமமில்லை. கறுத்த தங்க நூலைப் பிரித்தெடுத்து, அந்த இடத்தில் மஞ்சள் பட்டு நூலால் கையால் நிரப்பினேன். அசலை விட எனக்கு இது பிடித்திருந்தது, அவளுக்கும்.

பனியன் துணி நீளும், பேட்ச் நீளாது. இந்தச் சண்டைக்கு முழுத் தீர்வு இல்லை. மீனை உரித்து, டி-ஷர்ட்டின் உள்ளே, கொஞ்சம் நீண்டுகொடுக்கும் மெல்லிய ஒட்டு கேன்வாஸைப் பேட்ச்சை விட அரை அங்குலம் பெரிதாக வைத்து ஒட்டினேன். துணியை இழுக்காமல் மீனை மறுபடி வைத்துத் தளர்ந்த கைத்தையல் போட்டேன். சுருக்கம் பெருமளவு குறைந்தது. இவ்வளவு பெரிய பேட்ச்சை மெல்லிய பனியன் துணியில் போடாதே, சின்னதாகத் தேர்ந்தெடு என்றும் அவளிடம் சொன்னேன்.

மழைக்கோட்டுக்குப் பேட்ச்சே வழியில்லை. துணியின் உட்சீட்டில் இருக்கும் இஸ்திரிப் படத்தில் ஒரு புள்ளி என்றால் பெட்டியின் அடிப்பகுதி 110 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. இரண்டு புள்ளிக்கு 150, மூன்றுக்கு 200. நைலானுக்கு ஒரு புள்ளி. பேட்ச் பசை நன்றாக உருகி ஓட அதை விட அதிகச் சூடு கேட்கும். பருத்திச் சூட்டில் வைத்தால் நைலான் இளகிச் சுருங்கும். உள்ளே நீர் புகாத பூச்சு வேறு. தைத்தாலோ ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு ஒழுகல். உருகிய விளிம்பை வெட்டிவிட்டு, சூடு தேவைப்படாத, உரித்து ஒட்டும் நைலான் ஒட்டுத் துண்டை உள்ளும் புறமும் போட்டேன். மூலைகளை வட்டமாக வெட்டினேன். கூரான மூலைதான் முதலில் கிளம்பும்.

பூனையைத் தைக்கவில்லை. நன்றாக ஒட்டிய பேட்ச் தையல் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. கேட்டேன், அவளும் சம்மதித்தாள். கோட்டை உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் துவைக்கவும், துணியை மிருதுவாக்கும் திரவம் ஊற்றாமல் இருக்கவும், ஒவ்வொரு சலவைக்கும் காலண்டரில் ஒரு கோடு போடவும் சொல்லி அனுப்பினேன்.

ஏழு மாதம் கழித்து

பங்குனியில் மறுபடி வந்தாள். மதுரை வெயிலில் ஜீன்ஸ் கோட்டா என்று நினைப்பீர்கள். ஸ்கூட்டியில் போகும் பெண்கள் வெயிலுக்காகத்தான் அதைப் போடுகிறார்கள். இவளும் வாரத்தில் ஐந்து நாள் போட்டிருக்கிறாள். காலண்டரில் 22 கோடுகள்.

முழங்கைச் சூரியகாந்தி அப்படியே இருந்தது. ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும், வண்டிக் கைப்பிடியை எட்டும்போது உரசும் பக்கம், தையல் நூல் தேய்ந்திருந்தது. உள்ளே கிழிசல் விரியவில்லை. மயில், நட்சத்திரம் இரண்டிலும் குறை இல்லை. மீனைச் சுற்றிச் சுருக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது. மழைக்கோட்டு ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்கியதாகச் சொன்னாள், நான் பார்க்கவில்லை.

பூனையைக் கடைசியாகப் பார்த்தேன். விழவில்லை. ஆனால் இடது காதின் கீழ் ஓரத்தில், நகம் நுழையும் அளவுக்கு ஒரு வாய் திறந்திருந்தது. தோளில் மாட்டும் பையின் வார் தினமும் உரசும் இடம் அது.

"இதையும் தைச்சிருங்கக்கா" என்றாள்.

காதுக்கு நெருக்கமான சாம்பல் நிற நூல் கடையில் இல்லை. கறுப்பிலேயே தைத்தேன். முழங்கையில் தேய்ந்த இடத்துக்கு நாலு தையல் போட்டுக் கோட்டை மடித்துக் கொடுத்தேன்.